நான் வெட்டிய இரண்டு நிமிடம்

பாய்மரப் படகில் பதினெட்டு நாள் கடலில் போய்வந்தவன் என்று சொன்னால் தென்காசியில் யாரும் சட்டென்று நம்புவதில்லை. எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் அருவி, குளம், அதுவும் வற்றினால் லாரித் தண்ணீர். நம்பாதவர்களுக்குக் காட்ட என்னிடம் படம் இருக்கிறது. நானே எடுத்தது. இப்போது யாருக்கும் காட்டுவதில்லை.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு மோட்டார் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா ராயகிரிப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர். கையெழுத்துப் போடச் சொன்னால் இன்றைக்கும் கட்டைவிரலைத்தான் நீட்டுவார்.

குற்றாலத்தில் ஒரு பங்களாவில் ஜெனரேட்டர் ஓடவில்லை என்று முதலாளி என்னை அனுப்பினார். வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பழைய நிலக்காரக் குடும்பம். கொச்சியில் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு வைத்திருந்தார். எல்லோரும் அவரைக் கேப்டன் சார் என்றார்கள். நான் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டுவதைப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

“கடல்ல வந்தா வாந்தி எடுப்பியா தம்பி?”

“தெரியல சார். பஸ்ல எடுக்க மாட்டேன்.”

சிரித்துவிட்டு, வருகிற மாதம் கோவா வரை போகிறோம், படகு எஞ்சினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். எனக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. கொச்சியில் படகு பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் மெக்கானிக் வேலை காலி இருந்தது. படகில் வேலை பார்த்த அனுபவம் இருக்கிறது என்று யாராவது கடிதம் தந்தால்தான் எடுப்பார்கள். அதைச் சொன்னேன். “போயிட்டு வா, நல்லபடியா எழுதித் தாரேன்” என்றார்.

படகில் ஐந்து பேர். கேப்டன் சார், அவருடைய நண்பர்கள் இரண்டு பேர், பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி மகன், நான். முதல் இரண்டு நாள் குடல் வெளியே வந்துவிடும்போல் இருந்தது. மூன்றாம் நாள் கால் பழகிவிட்டது. அதற்குப் பிறகு போனைக் கையில் எடுத்தவன் கீழே வைக்கவில்லை. எஞ்சின் அறையில் தேங்கும் தண்ணீரை இறைப்பது, பாய் புடைத்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்வது, தளத்தில் வந்து விழுந்த பறக்கும் மீன், கேப்டன் சார் முகச்சவரம் செய்துகொண்டே காற்றைத் திட்டுவது, எல்லாம் வீடியோவாக எடுத்தேன். லென்ஸில் உப்பு படியும். பனியன் நுனியால் துடைப்பேன். மாலையில் போனைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, படகின் பின்கம்பியில் கயிறு வைத்துக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போவேன். சூரியன் இறங்குவதையும் மொத்தத் தளத்தையும் அது தானாக எடுத்துக்கொண்டிருக்கும்.

சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை மறைத்து எழுதினால் பொய்.

ஊருக்கு வந்ததும் பென் டிரைவில் ஏற்றி வீட்டு டிவியில் போட்டேன். அம்மா தரையில் உட்கார்ந்து, அலை வரும்போதெல்லாம் சேலையை ஒதுக்கிக்கொண்டாள். “எய்யா, இவ்வளவு தண்ணியிலயா கெடந்த” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே வந்தேன். இது பாய், இது திசைகாட்டி, இங்கன தெரிவது மங்களூர் வெளிச்சம். மாலை நேரப் படங்கள் வந்தன. பெரிய மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். படத்தின் மேல்மூலையில், படகின் முன்நுனியில், நங்கூரச் சங்கிலி பக்கத்தில் நான் தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.

“அங்கன ஏன் போய் உக்காந்திருக்க?” என்றார் அப்பா.

“முன்னால ஒரு ஆளு பாத்துக்கிட்டே இருக்கணும்ப்பா. எதுத்தாப்ல மீன்பிடிப் படகு வரும், வலை கெடக்கும்.”

அப்பா தலையாட்டினார். அடுத்த மாலை ஓடியது. அதற்கடுத்த மாலையும். கடைசியில், கோவாவில் நங்கூரம் போட்டுப் படகு நின்ற அன்றைக்கு எடுத்தது வந்தது. தண்ணீர் ஆடாமல் கிடக்கிறது. பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டோம். நான்கு பேரும் மேசையில் இருக்கிறார்கள். நான் முன்நுனியில்.

“படகு நிக்கும்போது என்னத்தலே பாத்த?”

அப்பா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். மேசையில் நான்கு பீங்கான் கோப்பைகள். எனக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளர், கழுத்தில் கயிறு கட்டியது.

“அது என்னது?”

“அது எனக்குன்னு தனியாக் குடுத்ததுப்பா. வெளியில ஒரு கொக்கி இருக்கு, அதுல மாட்டிக்கிடலாம். கடல்ல விழாது.”

இதை நான் பெருமையாகத்தான் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. படகில் அவரவர்க்கு ஒரு பொருள், ஒரு கொக்கி, ஓர் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் நாள் அந்த டம்ளரை என் கையில் கொடுத்தபோது, நானும் இந்தப் படகின் ஆள் ஆகிவிட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பதினெட்டு நாளில் ஒரு நாள்கூட அந்த மேசைக்குப் போகவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. படிக்கப் போட்டதால் இதெல்லாம் தெரியாமலே வளர்ந்துவிட்டேன்போல.

“எனக்கும் தனியாத்தாம்லே குடுத்தாங்க, டீக்கடையில” என்றார் அப்பா. “வெளியில மாட்டியிருக்கும். குடிச்சிட்டு நாமளே கழுவி மாட்டணும்.”

அம்மா, “சின்னப் படகுல எடம் வேண்டாமா” என்றாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே, “அந்த ஆளுகிட்ட லெட்டர் வாங்கப் போறதா இருந்தா, ஏன் தனியா உக்கார வச்சன்னு கேட்டுட்டு வாங்கு” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கேப்டன் சார் சீசன் சமயத்தில் பங்களாவில் படத்தைப் போடச் சொல்லியிருந்தார். நாற்பது நிமிடத்துக்குள் அடங்கும்படி நான்தான் தொகுக்க வேண்டும். கடிதமும் அன்றைக்கே தருவதாகப் பேச்சு. அப்பா சொன்னபடி நேரில் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அதனால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். கோவாவில் எடுத்த அந்தக் காட்சியை வெட்டாமல், இசை போடாமல், முழுதாக இரண்டு நிமிடம் வைத்தேன். பார்க்கிறவர்களில் யாராவது ஒருவர் கேட்பார். நான் வாய் திறக்க வேண்டியிருக்காது.

அன்றைக்குக் காலையிலிருந்தே சாரல். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த விருந்தாளிகள் இருபது பேர் இருப்பார்கள். மிளகாய் பஜ்ஜி சுற்றிவந்தது. பறக்கும் மீனுக்குக் கை தட்டினார்கள். கேப்டன் சார் காற்றைத் திட்டும் இடத்தில் ஒரே சிரிப்பு. பிறகு அந்த இரண்டு நிமிடம் வந்தது. நான் சுவரோரம் நின்று திரையைப் பார்க்காமல் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: “பியூட்டிஃபுல்லா இருக்கு பாருங்க. எல்லாரும் பேசிட்டிருக்காங்க, அந்தப் பையன் மட்டும் தனியா கடலப் பாக்குதான். கவிதை மாதிரி.”

அவ்வளவுதான். இருபது பேர் பார்த்தார்கள். இரண்டு நிமிடம் முடிந்து அடுத்த காட்சி ஓடியது.

படம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனபோது கேப்டன் சாரின் தம்பி மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். படகில் என்னை ‘ப்ரோ’ என்றுதான் கூப்பிடுவான்.

“ப்ரோ, படம் சூப்பர். பெரியப்பா யூடியூப்ல போடப்போறாங்க. அந்த நங்கூரம் போட்ட சீன் மட்டும் எடுத்துரு.”

“ஏன்?”

“லெங்த்தா இருக்கு.”

“லெங்த் மட்டுமா?”

அவன் கையில் இருந்த பஜ்ஜியைப் பார்த்தான். “பெரியப்பாவுக்கு அதெல்லாம் தோணவே தோணாது. அவங்க வீட்ல எப்பவும் அப்படித்தான், பழக்கம். கமெண்ட்ல எவனாவது எதையாவது கெளப்புவான். ஒனக்கும் லெட்டர் வேணும்லா?”

அப்படியானால் இவனுக்குத் தெரியும். பதினெட்டு நாளும் தெரிந்துதான் அந்த மேசையில் இருந்து எனக்கு ஊறுகாய்ப் பாக்கெட் வீசி எறிந்திருக்கிறான், நான் பிடித்திருக்கிறேன். அதுவும் படத்தில் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறோம்.

உள்ளே கேப்டன் சார் கடிதத்தோடு இருந்தார். கையெழுத்து இன்னும் போடவில்லை, பேனா மூடி மட்டும் கழன்றிருந்தது. “படத்தைக் குடுத்துட்டுப் போயிருப்பா, இன்னைக்கே ஏத்திரலாம்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவர் ஒரு கெட்ட மனுசராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். கேட்க வேண்டிய வாக்கியம் ஒன்றுதான். சார், கோவாவில் நான் ஏன் உங்களோடு உட்காரவில்லை? அதைக் கேட்காமல், அவர் மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்து, இரண்டு நிமிடத்தையும் குறித்து, அழித்தேன். சேமிக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். அதற்குள் அவர் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.

கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். எஞ்சின் வேலையில் கெட்டிக்காரன், ஒழுக்கமானவன் என்றெல்லாம் இருந்தது. கடைசி வரியில், பயணம் முழுவதும் எங்கள் குடும்பத்தில் ஒருவனாகவே இருந்தான் என்று எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் நல்ல நடை.

அந்தக் கடிதத்தால்தான் வேலை கிடைத்தது. நான் கொச்சிக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது சித்தப்பா வீட்டார் வந்தார்கள். படத்தைப் போடச் சொல்லி அம்மா ஒரே பிடியாக நின்றாள். யூடியூப்பில் கேப்டன் சார் போட்டிருந்ததையே டிவியில் போட்டேன். இயக்கம் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. என் பெயர் நன்றி சொல்லும் வரிசையில் வந்தது. சித்தப்பா கை தட்டினார். அப்பா வாசல் நிலையில் சாய்ந்து நின்று முழுவதையும் பார்த்தார். கோவா வந்தது, பாய் சுருட்டினோம், அடுத்த நொடியே மறுநாள் காலையாகிவிட்டது.

“கொறச்சிட்டியோ” என்றார் அப்பா.

“ஆமாப்பா. நீளமா இருந்துச்சு.”

“கேட்டியா?”

“இல்ல.”

சித்தப்பாவுக்குக் காபி வந்தது. அதன் பிறகு, திங்கட்கிழமை நான் பஸ் ஏறும் வரை, அப்பா என்னிடம் பெட்டியைப் பற்றியும் பஸ் நேரத்தைப் பற்றியும் மட்டும்தான் பேசினார்.