ஜேம்ஸுக்குப் படாத காயம்

காலை 7.50. சென்னை மூர்மார்க்கெட் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய், தூரம் ஏறக்குறைய நாற்பத்தெட்டு கிலோமீட்டர். பையில் கேள்வித்தாள், ஒப்புதல் படிவம், தண்ணீர் பாட்டில். வேறு வேலையில் இருந்துகொண்டே ஆண்டுக்கு ஒரு மாதம் ராணுவப் பயிற்சிக்குப் போகும் பகுதிநேரப் படைவீரர்கள் ஏன் பாதியில் விலகுகிறார்கள் என்பது என் ஆய்வு. மீஞ்சூரில்தான் உட்கார இடம் கிடைத்தது.

9.25. சிப்காட் வரை ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். "கம்பெனி பேரு மட்டும் சொன்னா சுத்திக்கினே இருக்கணும் மேடம், கேட்டு நம்பர் சொல்லு" என்றார் ஓட்டுநர். அனுமதிக் கடிதத்தில் கேட் எண் இல்லை. சுற்றினோம். மூன்றாவது கேட்டில் காவலாளி என் லேப்டாப்பின் எண்ணை இரண்டு நோட்டுகளில் எழுதச் சொன்னார்.

10.40. இரும்புக் கம்பித் தொழிற்சாலையின் டைம் ஆபீஸ். நான் பேட்டி காண வந்த வீரர் ஜேம்ஸ், வருகைப் பதிவு பார்க்கும் நாகராஜின் மேசை முன் நின்றிருந்தார். பேட்டி தொடங்கவே இல்லை. கிரேன் ஆபரேட்டர் பதவிக்கான பட்டியல் பன்னிரண்டு மணிக்கு மேலிடத்துக்குப் போகிறது. அதில் ஜேம்ஸின் பெயரைப் பாதுகாப்பு அதிகாரி அடித்துவிட்டார். காரணம்: போன வருட வருகைப் பதிவில் ஒரு மாதம் கைக்காயம் என்று இருந்தது.

"எனக்கு எங்க மேடம் காயம்? கேம்ப்புல துப்பாக்கிய தூக்கிக்கினு ஓடிக்கினு இருந்தேன்."

நாகராஜ் தலையைச் சொறிந்தார். கம்ப்யூட்டரில் விடுப்புக்குப் பதினொரு காரணங்கள் உண்டு. ராணுவப் பயிற்சி அதில் இல்லை. "இப்பல்லாம் ஒரு மாசம் சேர்ந்தாப்ல குடுக்கறது காயத்துக்குத்தான். நல்லது பண்ணலாம்னு போட்டேன்பா."

"அதுக்கு முந்தின வருசம் கல்யாணம்னு போட்டியேண்ணே! 'எவ அவ?'ன்னு ஊட்ல இன்னும் கேட்டுக்கினு கீறா."

ஜேம்ஸிடம் முகாமில் தந்திருந்த சான்றிதழை வாங்கிக் காட்டினேன். பயிற்சி நாட்களுக்கு விடுப்பு தர வேண்டும் என்ற விதியைச் சொன்னேன், இரண்டு முறை, பொறுமையாக.

"கரெக்டுதான் மேடம். ஆனா அத கிளிக் பண்ண எடம் இல்லியே!"

11.35. காயத்தை அழித்தால் முழு மாதத்துக்கும் போட மீதமிருந்தது ஒன்றே: 'அனுமதியின்றி வரவில்லை'. இன்னொரு முறை அப்படி விழுந்தால் வேலையே போய்விடும் என்றார் நாகராஜ். அடுத்த முகாம் அடுத்த மாதம்; அதற்கும் காயம் போட்டால் கிரேன் வேலை கிடைக்காது.

ஜேம்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "போடுண்ணே" என்றார். பட்டியலில் பெயர் ஏறியது.

12.50. ரயில் நிலையத்துக்கு அவரே பைக்கில் கொண்டுவந்து விட்டார். "கேம்ப்புக்கு வரலன்னு லெட்டர் குடுக்கணும் மேடம். கை ஒடஞ்சிடுச்சின்னு எழுதுனா ஒத்துக்குவாங்களா?"

"வேணாம். நடந்தத எழுதுங்க."

"அத யாரு மேடம் நம்புவா?"

நிரப்பாத கேள்வித்தாளோடு நடைமேடைக்குப் போனேன். ரயில் இருபது நிமிடம் தாமதம். சென்னையில் எங்கள் கூட்டங்களில், விலகுவோருக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று தயக்கமில்லாமல் சொல்கிறார்கள், நானும் தலையாட்டியிருக்கிறேன். ஜேம்ஸ் அன்று காலையும் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் வந்திருந்தார்.