ஓடைக்கரைக் கிணற்றின் மூடி

இடது கை இரும்பு வளையத்தைப் பிடித்திருந்தது. வலது கை சிறு சுத்தியலால் வெல்டிங் கசடைத் தட்டிக்கொண்டிருந்தது. கசடு உதிர்ந்த இடத்தில் பற்றவைத்த தடம் மீன் செதிள் போல வரிசையாகப் படிந்திருந்தது. கட்டைவிரல் அதன்மேல் மெதுவாக ஓடி, ஒரு சிறு மேட்டில் நின்றது. கை மறுபடியும் கிரைண்டரை எடுத்தது.

கைகள் முனிராஜுடையவை. தளியிலிருந்து ஜவளகிரி போகும் சாலையில் அவனுக்கு ஒரு தகரக் கொட்டகைப் பட்டறை. கேட், ஏர், டிரெய்லர், எது வந்தாலும் செய்வான். பிடிக்காத வேலையையும் ஒழுங்காகத்தான் செய்வான். இப்போது கையில் இருந்ததைப் போலப் பிடிக்காத வேலை இதுவரை வந்ததில்லை. அது பெரியப்பா மகன் குருமூர்த்தியின் வற்றிப்போன ஆழ்துளைக் கிணற்றுக்கு மூடி.

மழை தொடர்ந்து ஏமாற்றியதில் புதுக் கிணற்றுக்கு அனுமதி கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஓடைக்கரை நிலங்களுக்கு இந்தக் கோடையில் ஒரே ஒரு புதுக் கிணறுதான் என்று முடிவாகியிருந்தது. முதலில் கேட்டவருக்கு முதல் உரிமை. ஆனால் அவர் தன் பழைய கிணற்றின் வாயை இரும்பு மூடியால் அடைத்து, போல்ட் முடுக்கி, பார்வையிட வரும் அதிகாரியிடம் காட்டவேண்டும். மூடி வாயில் சரியாகச் சேரவில்லை என்றால் அனுமதி அடுத்தவருக்குப் போய்விடும்.

முதலில் கேட்டவன் குருமூர்த்தி. அடுத்தவன் முனிராஜ். குருமூர்த்தி மனு கொடுத்த காலையில் இவன் யாரோ ஒருவருடைய கேட்டுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தான். மதியம் போனபோது அண்ணனுக்குப் பின்னால்தான் இடம் இருந்தது.

ஓசூரில் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பங்காளி ஒருவன் பட்டறை வைத்திருக்கும்போது வெளியே போனால் ஊர் பேசும். வந்த வேலையைப் பங்காளி மறுத்தாலும் ஊர் பேசும். குருமூர்த்தி நேராகவே வந்தான்.

"முனி, வியாழக்கிழமை காலையில கிணத்தைப் பாக்க வர்றாங்களாம். நீ செஞ்சு குடு. வேற எவன் செஞ்சாலும் எனக்கு நம்பிக்கை இல்ல."

"செய்யறேன்ணா."

அந்த நம்பிக்கையும் முனிராஜைக் குத்தியது. பாகம் பிரித்த நாளிலிருந்து எல்லாமே அண்ணன் பக்கம்தான் சாய்ந்தது. இவன் கிணறு வற்றிய பிறகும் அவன் கிணற்றில் தண்ணீர் வந்தது. இவன் ரோஜாச் செடிகளைப் பிடுங்கிவிட்டுக் கேழ்வரகு விதைத்தான், அதுவும் காய்ந்தது. அண்ணனுடைய ரோஜா பச்சை வலைக்குக் கீழே நின்று பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வலையைப் பார்க்கப் பிடிக்காமல் முனிராஜ் பட்டறைக்குச் சுற்றுவழியில் வந்துபோனான்.

மூடிக்கு அளவெடுக்கவும் அங்கே போகவில்லை. தன் வற்றிய கிணற்றின் பைப்பிலேயே சணல் கயிற்றைச் சுற்றி, முனை வந்து தொட்ட இடத்தில் அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டான். இரண்டு கிணறுகளையும் போட்டது ஒரே போர் வண்டிதானே.

புதன்கிழமை மதியம் அவன் மனைவி நஞ்சம்மா சாப்பாடு கொண்டுவந்தாள். மூடியைக் குனிந்து பார்த்தாள்.

"அண்ணன் வீட்டுக்கு அட்டிகை செய்யற மாதிரி செய்யறீங்க."

"மூடிதானே."

"அவங்க பைப்புல வெச்சுப் பாத்தீங்களா?"

"நம்ம பைப்புல வெச்சுப் பாத்தேன். கச்சிதமா உக்காந்துச்சு. ரெண்டும் ஒரே வண்டி போட்டது."

நஞ்சம்மா சிரித்தாள். "வண்டி ஒண்ணு. பைப்பு ஒண்ணா? நீங்க அப்போ பெங்களூர்ல வேலைக்குப் போயிருந்தீங்க. வந்த பைப்பைத் திருப்பி அனுப்பிட்டு, இதைவிடப் பெருசா, கனமா வேணும்னு உங்க அண்ணன் வரவெச்சாரு. நாமதான் வந்ததை எறக்கிக்கிட்டோம்."

முனிராஜ் கிரைண்டரைக் கீழே வைத்தான். மண்ணுக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடந்த பைப்பிலும் அண்ணன் ஒரு படி மேலே இருந்திருக்கிறான்.

நஞ்சம்மா குரலைத் தாழ்த்தினாள். "அப்படியே குடுத்துருங்க. நாளைக்கு ஆபீசருங்க முன்னால சேரலைன்னா அடுத்தது நாமதான்."

"என் வேலைன்னு ஊருக்கே தெரியும்."

"அவரு சொன்ன அளவுன்னு சொல்லுங்க. ஆபீசருங்க முன்னால அவரு எங்க எதுத்துப் பேசப் போறாரு."

அவள் சொல்வதற்கு முன்பே அவனும் அதைத்தான் நினைத்திருந்தான். அதனாலேயே அவள்மேல் எரிச்சல் வந்தது. சாப்பாட்டைத் தொடாமல் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை, அளவைத் தவிர. கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"எங்க போறீங்க?"

"அளவெடுக்க."

அண்ணன் கிணற்றுக்குப் போக வலைக்குள் நுழைந்துதான் ஆகவேண்டும். வெளியிலிருந்து பச்சையாகத் தெரிந்ததெல்லாம் வலைதான். உள்ளே பாதிப் பாத்திகளில் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டிருந்தார்கள். மீதிப் பாத்திகளில் குருமூர்த்தி மொட்டுகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். பூக்கவிட்டால் செடி தாங்காது.

முனிராஜுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெயிலில் நடந்து வந்தவன் மோர் குடித்ததுபோல அது உள்ளே இறங்கியது.

"பாத்தியா முனி. புதுசா போர் போடலைன்னா இதுவும் விறகுதான்," என்றான் குருமூர்த்தி. "என்னாத்துக்கு வந்த?"

"அளவெடுக்க."

"அப்போ இத்தினி நாளா என்ன செஞ்ச?"

"இன்னொருத்தருக்குச் செஞ்சேன்."

முனிராஜ் மண்டியிட்டுக் கயிற்றைப் பைப்பில் சுற்றினான். பழைய முடிச்சுக்கும் கயிற்றின் முனைக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இடைவெளி இருந்தது. முடிச்சை அவிழ்த்து, கயிற்றைத் தளர்த்தி மறுபடி சுற்றினான். நெஞ்சில் அந்தச் சந்தோஷம் இருந்தபடியே இருந்தது. விரல்கள் முடிச்சைச் சரியான இடத்தில் போட்டன.

பொழுது சாய்வதற்குள் புது வளையம் வெட்டி, வளைத்து, பற்றவைத்து முடித்தான். முதல் மூடியைச் சாக்கில் சுற்றித் தன் நிலத்துக்கு எடுத்துப்போனான்.

காலையில் இருவரும் கிணற்றடியில் நின்றார்கள். முனிராஜ் மூடியை மாட்டிப் போல்ட்டை முடுக்கினான். அசைத்துப் பார்த்தான், அசையவில்லை. குருமூர்த்தி தன் கையால் மாட்டிக் காட்டட்டும் என்று மறுபடியும் கழற்றினான்.

"நேத்து சொன்னியே, யாருக்கு அந்த இன்னொண்ணு?"

"எனக்குத்தான். என் கிணத்தை மூடிட்டேன். அடுத்த தடவை உனக்கு முன்னால நான் நிப்பேன்."

"நில்லு. அதுக்குள்ள எனக்குத் தண்ணி வந்துருச்சுன்னா?"

"வந்தா எனக்கு வயிறு எரியும்ணா. வேற என்ன."

"இப்ப மட்டும் எரியலையா?"

"எரியுது."

ஓடைப் பாலத்தில் ஜீப் தெரிந்தது. முனிராஜ் போல்ட்டுகளைத் துணியில் துடைத்தான். மூடியை இரண்டு கைகளாலும் தூக்கிக் குருமூர்த்தியின் கைகளில் வைத்தான். பாரம் அந்தப் பக்கம் இறங்கும்வரை பிடித்திருந்து, பிறகு விட்டான்.