கழன்ற செயின்

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர் என் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது பதிப்பாசிரியர் அழைத்தார். நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தில் இரண்டு அந்நியர்கள் காதலிக்கும் என் நாவலைப் படித்து முடித்துவிட்டாராம்.

“நாயகிக்கு செயின் மாட்டக்கூட தெரியாதா? யாரு லா நம்புவா?”

அந்த எண்ணெய் வாசனையில் நான் வளர்ந்த செந்தூல் ஃபிளாட் நினைவுக்கு வந்துவிட்டது. அம்மாவின் சைக்கிள் செயின் அடிக்கடி கழன்றுவிடும். அப்பா பால்கனியில் அதைக் கவிழ்த்துப் போட்டு, கை கறுக்க மல்லுக்கட்டுவார். கல்யாணத்துக்கு முன் சர்ச் இளைஞர்களோடு போர்ட்டிக்சன் கடற்கரைக்குச் சைக்கிளில் போனபோது, அன்று முன்பின் தெரியாத அம்மாவுக்குச் செயின் மாட்டிக்கொடுத்தவர் அவர். அந்தக் கதையைச் சொல்லாமல் வேலையை முடிக்கமாட்டார்.

ஒருநாள் அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பும்போது செயின் தொங்கியது. விரலால் தூக்கி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றினாள், உட்கார்ந்துவிட்டது. ரயில்வே பட்டறை ஃபிட்டரின் மகளாயிற்றே.

“அப்ப அன்னிக்கு ஏம்மா அப்பாவை மாட்ட விட்ட?”

“எல்லாரும் போய்க்கிட்டே இருந்தாங்க. இவரு மட்டுந்தான் நின்னாரு.”

பாசாரிலிருந்து திரும்பியதும் அம்மா செயினை மறுபடி கழற்றிவிட்டாள்.

பதிப்பாசிரியர் போனில் காத்திருந்தார்.

“அவளுக்கு நல்லாவே மாட்டத் தெரியும்,” என்றேன். “ஒரு வரியும் மாத்தமாட்டேன்.”