வெள்ளத்தில் கேட்ட தாம்பாளச் சத்தம்

ஆந்திர ராஜ்யம் பிரிந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய எங்கள் கிராமம் அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. எனக்குப் பதினெட்டு வயது. ஏழு வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டன. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள்.

மூன்று நாளாக ஐப்பசி மழை. அன்று மத்தியானம் தண்டோரா போட்டார்கள். "ஆத்துல தண்ணி வருது, செகப்புக் கொடி கட்டின மேட்டுக்குப் போயிடுங்க!" நைனா மாட்டை அவிழ்த்துவரக் கழனிக்குப் போயிருந்தார். கொடியை நான் எங்கே தேடுவது? அவர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்தான் முதலில் வந்தது.

தெருவில் இறங்கினேன். மற்ற நாளில் அங்கே எனக்குத் தடிகூட வேண்டாம். கால்வாய் ஓரத்துக் கல்லும் கிணற்றடிச் சரிவும் காலுக்கு வழி சொல்லிவிடும். அன்று எல்லாம் தண்ணீருக்கடியில். மழைச் சத்தத்தில் திசையும் தெரியவில்லை. கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், இடுப்பளவு வந்துவிட்டது. தெரியாமல் ஆற்றுப் பக்கமாகவே நடந்துகொண்டிருந்தேன்.

"செல்லி! அங்கயே நில்லு!"

பக்கத்து வீட்டு அக்கா. பள்ளிக்கூடத்துத் தெலுங்கு வாத்தியாரின் மனைவி. செல்லி என்றால் தெலுங்கில் தங்கை. மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துப் படியில் நின்றிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, அவளால் இறங்க முடியாது. வீட்டிலிருந்து எடுத்து வந்த பித்தளைத் தாம்பாளத்தைக் கல்தூணில் அடிக்க ஆரம்பித்தாள்.

"நான் தட்டிக்கினே இருக்கறேன், நீ சத்தத்துக்கு வா. தண்ணி உன் எடது பக்கம் மோதணும். மோதுதா?"

"மோதுது அக்கா!"

"அப்டியே வா!"

இரண்டு தடவை விழுந்தேன். முள்வேலி காலைக் கிழித்தது. ஒரு தடவை வாய்க்குள் சேறு போய் மூச்சு முட்டியது. தாம்பாளச் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை. படியில் என் கை பட்டதும் அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாயங்காலம் நைனாவும் மாட்டோடு வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது.

நாலைந்து நாள் கழித்து வந்த அதிகாரி, இனிமேல் கொடியைக் கண்டதும் கிளம்பிவிட வேண்டும் என்றார். "இந்தப் பொண்ணு கொடிய எப்பிடி சார் பாக்கும்? பள்ளிக்கூடத்து மணிய அடிக்கச் சொல்லுங்க" என்று ஊர் முன்னால் கேட்டவள் அக்காதான். அடுத்த மழைக்கு மணி அடித்தது. யார் துணையும் இல்லாமல் மேட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவள் நான்.

பிறகு எல்லையை மாற்றினார்கள். எங்கள் ஊர் மெட்ராஸ் ராஜ்யத்துக்கு வந்தது. வாத்தியாருக்குத் திருப்பதிப் பக்கம் மாற்றல். வண்டி ஏறும்போது, "திருப்பதிக்கு வந்தா எங்க வூட்டுக்கு வராம போவாத செல்லி" என்றாள். எந்தத் தெரு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் அப்போது தெரிந்திருக்காது.

எத்தனையோ முறை திருப்பதி போய்விட்டேன். "அந்த அம்மா எப்பிடி இருப்பாங்க, சொல்லு, தேடலாம்" என்பாள் மகள். அவள் முகம் நான் பார்த்ததில்லையே. கையைப் பிடித்து இழுத்துப் போனவர்கள் என் வாழ்க்கையில் நிறைய பேர் உண்டு. என் காலாலேயே என்னைக் கரையேற வைத்தவள் அவள் ஒருத்திதான் என்பதால், திருப்பதிக் கூட்டத்தில் யாராவது "செல்லி" என்று கூப்பிட்டால் இன்றைக்கும் என் கால் தானாக நின்றுவிடுகிறது.