மினிபஸ்ஸில் ஒலித்த என் மெட்டு

கோவில்பட்டி அருகே ஒரு தொடக்கப்பள்ளியில் நான் ஆசிரியை. ஆண்டு விழாவுக்காக நானே மெட்டமைத்த பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அழைப்பிதழில் 'இசை' என்று என் பெயரும் அச்சாகிவிட்டது.

விழாவுக்கு முந்தைய நாள் காலை, மினிபஸ் நடத்துனர் அதே மெட்டை விசிலடித்தபடி டிக்கெட் கிழித்தார். எப்போதோ கேட்ட பாட்டை என்னுடையது என்று நினைத்துவிட்டேனோ?

"அண்ணாச்சி, இது எந்தப் படத்துப் பாட்டு?" என்று கேட்டேன்.

"படமா? எம் மவ ஒரு வாரமா இதத்தான் பாடிக்கிட்டுத் திரியுதா, டீச்சர். ஒங்க பள்ளிக்கூடத்துலதான மூணாப்பு படிக்கா!"

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. மறுநாள் நிம்மதியாக ஆர்மோனியம் வாசித்தேன்.

இப்போதெல்லாம் மெட்டு தோன்றியதும் போனில் பதிந்து, நாலைந்து பேரிடம் பாடிக்காட்டி, "எங்கயாவது கேட்ட மாதிரி இருக்கா?" என்று விசாரித்த பிறகே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன்.