மிஞ்சிய நான்கு ஸ்க்ரூ

சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் சரக்கைச் சோதித்து அனுப்புகிற வேலை எனக்கு. சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறேன் என்பது என் மனைவியின் புகார்.

மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை ஒரு குழந்தைக் கட்டில் அனுப்பினார். வந்தது என்னவோ தட்டையான ஓர் அட்டைப்பெட்டி. பிள்ளை பிறக்கும் முன் பிரிக்கக் கூடாது என்று மனைவி அதை பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டாள். பேத்தி பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் காலையில்தான் பிரித்தேன். பூட்டிக் கொடுக்க ஆள் அனுப்புகிறோம் என்று கட்டில் கம்பெனிக்காரர்கள் போனில் சொன்னார்கள். முன்பின் தெரியாதவன் முடுக்கிய ஸ்க்ரூவை நம்பி என் பேத்தியைப் படுக்க வைப்பேனா? வேண்டாம் என்றுவிட்டேன்.

விளக்கத் தாளில் ஓர் எழுத்து கிடையாது. வெறும் படங்கள். அவற்றில் ஒருவன் சிரித்துக்கொண்டே கட்டிலைப் பூட்டுகிறான். வேலை செய்கிறவன் எதற்குச் சிரிக்க வேண்டும்? அங்கேயே எனக்குச் சுருக்கென்றது. மூன்றாவது படத்தில் துளை இடப்பக்கம். என் கையிலிருந்த பலகையில் வலப்பக்கம். தலைகீழாகத் திருப்பினால் சரியாக வந்தது. அதற்கு ஓர் அம்புக்குறி போட்டிருந்தால் குடியா முழுகிவிடும்? ஸ்க்ரூவில் இரண்டு ரகம், பார்வைக்கு ஒன்றுபோலவே. மாற்றிப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டேன். தாளின் பின்பக்கத்தில் அதே படங்கள் கடைசியிலிருந்து முதலுக்கு இன்னொரு முறை அச்சாகியிருந்தன. ஒரு தாளை ஒழுங்காக அச்சடிக்கத் தெரியாதவன் கட்டிலை என்ன லட்சணத்தில் செய்திருப்பான்?

மத்தியானம் கட்டில் எழுந்து நின்றது. தரையில் நான்கு ஸ்க்ரூ மிச்சம்.

"கூடப் போட்டுக் குடுத்திருப்பாங்க. காய்கறிக்காரர் கொசுறா கறிவேப்பிலை குடுக்கறதில்லையா?" என்றாள் மனைவி.

கேட்காமல் கொசுறு கொடுக்கிற கம்பெனியை நான் பார்த்ததில்லை. எங்களிடம் பூட்டிய பிறகு ஒரு வாஷர் மிஞ்சினாலும் அந்தச் சரக்கு வாசலைத் தாண்டாது. கட்டிலை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அரிசி மூட்டையைத் தூக்கிவந்து உள்ளே போட்டேன். மறுநாள் பச்சை உடம்போடு வந்து இறங்கிய மகள், மெத்தையில் மூட்டை படுத்திருப்பதைப் பார்த்தாள்.

"என் பொண்ணுக்கு முன்னாடி இது யாருப்பா?"

மூட்டையை இறக்கிவிட்டுக் குழந்தையைப் படுக்க வைத்தார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மிஞ்சிய நான்கையும் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் குழந்தையைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி, பெட்டியோடு வந்த வளைந்த ஆலன் கீயால் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முடுக்கிப் பார்ப்பேன். ஒன்றுகூட ஒரு நாளும் தளர்ந்ததில்லை. போகப் போகப் பேத்தி அந்தக் கீயைப் பிடுங்கக் கை நீட்ட ஆரம்பித்தாள். அதற்காகவே மெதுவாக முடுக்கினேன்.

ஐந்தாம் மாதம் மாப்பிள்ளை அழைத்துப்போக வந்தார். சாப்பிட்டு முடித்து, விளக்கத் தாளைக் கேட்டு வாங்கி, நேராகப் பின்பக்கத்தைத் திருப்பினார். அது அச்சுப் பிழை இல்லை. கட்டிலைக் கழற்றுவதற்கான படங்கள்.

"மாமா, நாலு ஸ்க்ரூ எக்ஸ்ட்ரா இருந்திருக்குமே? ஒரு தடவ கழட்டிட்டா பழசு சரியா பிடிக்காதாம். அங்க போய் மாட்டறப்ப அதைப் போடணும்னு மூலையில சின்னதா படம் போட்டிருக்காங்க."

மாத்திரை டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாம் மாதம் கொண்டுவிடுவது எங்களுக்கும் வழக்கம்தான், எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பேத்தி இங்கே தங்கப் போவதில்லை என்பதைக் கட்டில் கம்பெனிக்காரர்கள் பெட்டி கட்டும்போதே யோசித்து, அதற்கான ஸ்க்ரூவையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளை கழற்றக் கழற்ற, ஒவ்வொரு பலகையையும் நான் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்காவது ஒரு வெடிப்பு, ஒரு கோணல், இதை அனுப்ப முடியாது என்று சொல்ல ஏதாவது ஒரு குற்றம் கிடைக்காதா என்று.