உள்ளங்காலில் மூன்று தட்டு

பூமியில் இதுவரை பிறந்தவர்களில் பயம் என்ற ஒன்றே இல்லாத ஒரே ஆள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். அப்படிப்பட்ட எனக்கே நடந்தது என்பதால்தான் எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. நம்பாதவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் கல்லூரி நீச்சல் குளத்துக்குப் போய், சுவரை ஒட்டிய ஆறாவது லேனில் இறங்கிப் பார்க்கலாம். தனியாக.

நான் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். மதிப்பெண்ணுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ரிலே அணிக்கு நாலு பேர் வேண்டும். மூன்று பேர் முடிவாகிவிட்டது. மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு நானும் தவளையும் போட்டி. இடம் போனால் ஒதுக்கீடு போகும், சீட் போகும், விடுதி அறையும் போகும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் முன்னால் போய் நிற்க வேண்டும். “தண்ணியில கையைக் காலை ஆட்டறதெல்லாம் ஒரு படிப்பா?” என்று சேரும்போதே கேட்டவர் அவர். இரண்டு வருடமாக எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

தவளை என் வகுப்புத் தோழன். பெயர் வைத்தது நான். முதல் தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. நூறு மீட்டர், அதாவது எங்கள் குளத்தில் நாலு நீளம். தவளை ஆறாவது லேனில், நான் ஐந்தாவதில். பாதித் தூரத்தில் அவன் என்னைவிட ஒரு உடம்பு நீளம் முன்னால் இருந்தான். மூன்றாவது நீளம் முடிந்த இடத்தில், சுவரைத் தொட்டு... நின்றான். மூலைக்கு ஒதுங்கினான். பின்னால் வருகிறவருக்கு வழிவிடுவது போல சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

அவன் லேனில் வேறு யாரும் இல்லை.

அவன் இப்படித் தோற்றும் எனக்குக் கிடைத்த நேரம் ஒரு நிமிடம் ஆறு நொடி. கோச் கேட்டது ஒன்று நாலு. இருவரையும் ஒரே பார்வையில் வெறுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் தேர்வு என்றார்.

அந்த இரண்டு வாரத்தை நான் வீணாக்கவில்லை. மெஸ்ஸில் தினமும் சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி, காற்றைப் பார்த்து, “வாங்க சார், நீங்க முதல்ல போங்க சார்” என்று குனிவேன். அறிவிப்புப் பலகையில், தவளைக்குப் போக்குவரத்துக் காவல்துறையில் வேலை கிடைத்ததாக வாழ்த்துச் செய்தி ஒட்டினேன். ஐந்தாவது நாள் அவன் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தினான். அதை என் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். ஒரே ஒரு தடவை மாடிப்படியில் என்னை நிறுத்தினான்.

“ஆறாவது லேன்ல தனியா நீந்திப் பாரு. அப்புறம் சிரி.”

பார்க்க வேண்டியதாயிற்று. கோச் என் நீச்சலைப் பிரேதப் பரிசோதனை செய்திருந்தார். முழங்கை தொங்குகிறதாம். வலது கை நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போய் விழுகிறதாம். மூச்சு வாங்கத் தலையைத் திருப்பாமல் தூக்குகிறேனாம், அதனால் இடுப்பு தாழ்கிறதாம். “நீ நீந்தல. தண்ணியில படி ஏறற,” என்றார். காலை ஐந்து மணிக்கு ஆறாவது லேனில் தனியாகப் பழகச் சொன்னார். ஆறு மணிக்கு அவர் வருவார். கரையில் நின்றே சொல்லித்தருவார். தண்ணீரில் அவர் கால் நனைந்து யாரும் பார்த்ததில்லை.

நீந்தாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒரே லேனில் ஒருவர் பின் ஒருவராக நீந்தும்போது பேச முடியாது. பின்னால் வருகிறவருக்கு வேகம் அதிகமென்றால், முன்னால் போகிறவரின் உள்ளங்காலை லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். ‘நான் முந்தணும்’ என்று அர்த்தம். தட்டு வாங்கியவர் சுவரைத் தொட்டதும் மூலைக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். அதுதான் மரியாதை. ஆனால் தட்டு வாங்கிய எல்லோரும் முதலில் செய்வது வேறு. வேகத்தைக் கூட்டுவார்கள். ரோஷம்.

முதல் நாள். 5:10. கரைக் கடிகாரத்துக்கு மேலே விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. ஐந்தரைக்குத்தான் பம்ப் அண்ணன் வந்து மோட்டாரைப் போடுவார். அதுவரை குளம் மூச்சுக்கூட விடாது. ஒரு நீளத்துக்கு எனக்கு இருபத்திரண்டு கைவீச்சு. எண்ணிக்கொண்டே போனேன்.

5:17. வலது உள்ளங்காலில் ஒரு தட்டு.

தவளை வந்திருக்கிறான் என்று நினைத்தேன். விடுவேனா... கூட்டினேன். சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தேன். லேன் காலி. குளம் காலி. லேன்களைப் பிரிக்கும் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஆட்டியதாக இருக்கலாம்.

இரண்டாம் நாள் 5:17. மறுபடியும். அன்று இன்னொன்றையும் கவனித்தேன். என் கை தண்ணீரில் விழும் சத்தம்... சளப். அடுத்த கை... சளப். இரண்டுக்கும் நடுவில், சற்றுத் தள்ளி, மெதுவாக இன்னொரு சளப். ஒழுங்கில்லாமல். நீந்துகிற சத்தமாக இல்லை. அடிக்கிற சத்தம்.

பயமில்லை. முன்பே சொன்னேனே. ஆனால் முழங்கை தானாக உயர்ந்தது. தலையைத் தூக்கினால் வேகம் குறையும் என்று உடம்புக்கே புரிந்தது. கை நேராகப் போய் விழுந்தது. இருபத்திரண்டு வீச்சு பத்தொன்பதானது. ஆறு மணிக்கு வந்த கோச் இரண்டு நீளம் பார்த்துவிட்டு, யார் சொல்லித்தந்தது என்று கேட்டார். முயற்சிதான் சார் என்றேன்.

ஐந்தாம் நாள். 5:17க்கு ஒரு தட்டு. 5:18க்கு இன்னொன்று. நான் வலப்பக்கம் மூச்சு வாங்குகிறவன். இடப்பக்கம் யாரோ மூச்சு இழுத்தார்கள். காற்றோடு தண்ணீரும் சேர்ந்து போகிற சத்தம்.

அக்குள் வழியாகப் பின்னால் பார்த்தேன். ஆள் இல்லை. குமிழிகள். என் பின்னால் வரவில்லை. தரையிலிருந்து நேராக மேலே வந்தன.

ஒன்பதாம் நாள். மூன்று தட்டு.

மூன்றாவது, தட்டு இல்லை.

விரல்கள்.

கணுக்காலைச் சுற்றி... பிடிக்கப் பார்த்தன.

உதைத்தேன்.

என் வாழ்க்கையிலேயே அப்படி நீந்தியதில்லை. கரையேறிக் கடிகாரத்தைப் பார்த்தேன். 5:19.

அன்று கோச் நேரம் எடுத்தார். ஒன்று மூன்று. சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். தேர்வுக்குத் தவளையை வரச்சொல்வதே வீண் என்றார்.

தேர்வுக்கு முந்தின சாயங்காலம், குளத்தில் மறந்துவிட்ட நீச்சல் கண்ணாடியை எடுக்கப் போனேன். மோட்டார் அறை வாசலில் பம்ப் அண்ணன் கை கழுவிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடமாக அங்கே வேலை பார்க்கிறவர். ஆறாவது லேனில் வேகம் நன்றாக வருகிறது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் குழாயை மூடினார்.

“தட்டுதா?”

குனிந்து வலது காலைப் பார்த்தேன். அவரே சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம். அதே லேனில் காலையில் இரண்டு மாணவர்கள். அறைத் தோழர்கள். ரிலேயில் ஓர் இடத்துக்கு இருவரும் போட்டி. முன்னால் போனவனுக்குக் காலில் தட்டு விழுந்தது. முந்தக் கேட்கிறான் என்று வேகத்தைக் கூட்டினான். மறுபடி தட்டு. இன்னும் கூட்டினான். மூன்றாவது தடவை காலைப் பிடித்தபோது, விளையாட்டாகப் பிடிக்கிறான் என்று எட்டி உதைத்துவிட்டுப் போனான். சுவரைத் தொட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். அவன் அதுவரை நீந்தியதிலேயே நல்ல நேரம். அந்தச் சந்தோஷத்தோடு திரும்பிப் பார்த்தபோது லேன் காலியாக இருந்தது. மணி ஐந்து பத்தொன்பது.

“பின்னாடி வந்தவனுக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு தம்பி. அவன் முந்தறதுக்குத் தட்டலை. பிடிச்சுக்கறதுக்குத் தட்டினான்.”

முன்னால் போனவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“இடம் கிடைச்சுது,” என்றார். “இப்பவும் வர்றாரே, ஆறு மணிக்கு. ஸ்டாப்வாட்சோட.”

மறுநாள் தேர்வு காலை பத்து மணிக்கு. நல்ல வெயில். கரையில் அணி முழுக்க நின்றது. பழகின லேனில் போ என்று கோச் எனக்கு ஆறைக் கொடுத்தார். தவளைக்கு ஐந்து. அவன் என் லேனைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். நானும்.

விசில்.

முதல் நீளம் சுத்தமாகப் போனது. பத்தொன்பது வீச்சு.

இரண்டாவதில் ஒரு தட்டு. நான் தவளையைவிட ஒரு உடம்பு நீளம் முன்னால் இருந்தேன்.

மூன்றாவது நீளத்தின் நடுவில் இரண்டாவது தட்டு. முழங்கை உயர்ந்தது. கை நேராக விழுந்தது. உடம்பு பழகிவிட்டிருந்தது. இன்னும் ஒன்றரை நீளம் இப்படியே உதைத்தால் போதும். சீட், அறை, அப்பாவுக்குப் பதில், எல்லாம் முன்னால் தெரிந்த சுவரிலிருந்து ஒரு நீளத் தூரம்.

சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால்... விரல்கள்.

நான் உதைக்கவில்லை.

சுவரைத் தொட்டேன். நின்றேன். மூலைக்கு ஒதுங்கி, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஐந்தாவது லேனில் தவளை திரும்பிப் போனான். கரையில் யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும். ஒருவன், “வாங்க சார், நீங்க முதல்ல போங்க சார்,” என்றான். நன்றாகத்தான் நடித்தான்.

கோச் கரை ஓரத்துக்கே வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த தண்ணீரைப் பார்த்தார்.

“நிக்காத,” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “நிக்காதடா. போ.”

கையைத் தண்ணீருக்குள் நீட்டினேன்.

ஐந்து எண்ணினேன். ஆறு... ஏழு...

பிடித்துக்கொண்டது.